முகத்துவாரத்தின் நிறம்

காசிமேட்டில் ஓவியர்களே சேர்ந்து நடத்தும் கூடத்தில், ஒரு திரையில் பெர்னதெத்தின் டிஜிட்டல் ஓவியம் இருந்தது: எண்ணெய் படிந்த முகத்துவாரம், வயிறு மேலாக மிதக்கும் மடவை மீன்கள்.

கூடத்துக்குப் புதிதாக வந்த திரைகளுக்கு ஒரு புத்தி உண்டு. பார்ப்பவர் முகம் சுளித்தால் போதும், படத்தை அவருக்குப் பிடித்த மாதிரி மாற்றிவிடும். பார்க்கக் கூட்டம் வரும் என்று ஓவியர்கள் எல்லோரும் கை தூக்கிச் சம்மதித்து வாங்கியவை, அவளும்தான் தூக்கினாள்.

எண்ணெயைக் கசியவிட்ட ஆலையின் மேலாளர் படத்தின் முன் வந்து நின்றார். முகம் சுளித்தார். தண்ணீர் நீலமானது, மீன்கள் துள்ளின.

“அருமையா வரைஞ்சிருக்கம்மா! எங்க ஆபீஸ் வாசல்ல மாட்டலாமே.”

பெர்னதெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் வரைஞ்சது செத்த மீனு சார்!”

“எங்கம்மா? எல்லாம் உசுரோட துள்ளுதே!”

செத்ததைச் செத்தது என்று சொல்லக்கூட விடாத அந்தச் சனியனின் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். படம் போய், திரையின் கண்ணாடி கருகருவென்று மினுங்கியது.

“என்னம்மா, ஒண்ணும் தெரியலையே!”

“நல்லா பாருங்க சார். இதான் எங்க முகத்துவாரம். அதுல ஒரு மூஞ்சி தெரியுதில்ல, அது யாரு?”

மேலாளர் முகம் சுளித்தார். இந்த முறை எதுவும் மாறவில்லை.