பிரெபனின் பாலே

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பிரெபன் முட்டியை மடக்கினார். எதிரே லேப்டாப்பில் ஒரு பெண் பாலே பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இது பாலே இல்ல. பஸ்ல சீட் தேடி உக்கார்ற மாதிரி இருக்கு,” என்றாள் அவர் மனைவி பீர்த்தே, ஜன்னலோர நாற்காலியில் காபியோடு சாய்ந்தபடி.

“அறுபத்தெட்டு வயசுக்கு இது போதும்.”

“போதாது. முட்டிய வெளிப்பக்கமா திருப்பு. முதுக நிமித்து.”

அவர் வயிற்றை எக்கினார்.

“அது வயிறு, பிரெபன்.”

ஓடென்ஸ நகரத்து அந்த வீட்டில் மூன்று வாரமாகத் தினமும் காலையில் இதே கூத்துதான். சிறு வயதில் எட்டு வருடம் பாலே கற்றவள் பீர்த்தே. அவள் கண்ணெதிரே ஆட அசட்டுத் துணிச்சல் வேண்டும்.

இன்று, குதிகாலை உயர்த்தச் சொன்னால் அவர் ஒரு காலைப் பின்னால் வீசி பிரிட்ஜை உதைத்தார்.

“பாக்கச் சகிக்கல. தள்ளு.”

பீர்த்தே எழுந்து நாலு எட்டு வைத்து வந்தாள். மேடையைப் பிடித்தாள். இரண்டு குதிகால்களையும் மெல்ல உயர்த்தினாள்.

“இப்படி. பாத்தியா?”

“சரியாத் தெரியல. இன்னொரு தடவ காட்டு,” என்றார்.

காட்டினாள்.

சற்றுப் பொறுத்து, வெளியே தோட்டத்துக்கு வந்து பிசியோதெரபிஸ்டுக்கு போன் போட்டார்.

“டீனே, பீர்த்தே நடந்துட்டா. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம், விழுந்துடுவேன்னு நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே அழுதவ, ஊன்றுகோல மறந்துட்டு வந்தா.”

“அப்பாடா. இனிமே நீங்க தப்புத்தப்பா ஆட வேண்டாம்.”

“எங்க விடுறா? நாளையிலேர்ந்து அவளே எனக்குச் சொல்லித்தரப் போறாளாம்.”