பால் கொழுப்பு பூஜ்யம்

“என் பேரு பாண்டித்துரை. வயசு இருபத்திரெண்டு. கொல்லங்கோட்டுல ஐஸ்கிரீம் கம்பெனியில இருக்கேன். இதை அழகுத்தாய்க்கு வாசிச்சுக் காட்டுங்க. அம்மா, இங்க கம்பெனிய மூடப் போறாங்க போல...”

கோல்ட் ரூமுக்குப் பின்னால் நின்று அவன் சொல்லச் சொல்ல, போனில் எழுத்து ஓடியது. அம்மா இருக்கும் வண்டன்மேட்டு எஸ்டேட் லயத்து வீடுகளில் வாய்ஸ் மெசேஜ் இறங்காது. எழுத்து மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் யாராவது வாசித்துச் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் பெயரிலிருந்துதான் தொடங்குவான்.

“டேய் பாண்டி! இவிட வா!”

முதலாளி சிஜுவின் மலையாளம் கலந்த குரல். போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

முன் அறையில் ஃபுட் சேஃப்டி ஆபீசர் அம்மா, போன மாதம் எடுத்துப் போன சாம்பிளின் லேப் ரிப்போர்ட்டை விரித்து வைத்திருந்தார். வாசலில் பால்காரர் ஈஸ்வரமூர்த்தி இரண்டு கேன்களோடு நின்றார். உள்ளே வாங்க என்று அவரை இன்று யாரும் சொல்லவில்லை.

“கிருமி ஒண்ணும் இல்ல. சுத்தமாத்தான் இருக்கு” என்றார் ஆபீசர். “ஆனா பால் கொழுப்பு பூஜ்யம். முழுக்கப் பாமாயில்.”

“மேடம், இந்தக் கம்பெனிக்குள்ள ஒரே ஒரு பாமாயில் டின் காட்டுங்க. நானே பூட்டிச் சாவியைத் தந்துட்டுப் போறேன்.”

“எண்ணெய்ல செய்யறது தப்பே இல்ல, சிஜு. பெரிய கம்பெனிக்காரங்களே செய்யறாங்க. ஆனா டப்பா மேல ‘ஃப்ரோசன் டெசர்ட்’னு போட்டுடறாங்க. நீங்க ‘சுத்தமான பால் ஐஸ்கிரீம்’னு போட்டிருக்கீங்க. லைசென்ஸை நிறுத்தி வைக்கிறதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

“இந்த வெயில் சீசன்லயா மேடம்? ஏழு பேரு வேலை பாக்குறாங்க.”

ஆபீசர் பேனாவை மூடினார். சிஜு மெல்ல வாசல் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, பாலுல எண்ணெய் கலக்கத் தொடங்கி எத்தனை நாளாச்சு?”

“ஏனுங்க, என்ன பேச்சுப் பேசறீங்க? ஊட்டுல ஒம்பது மாடு நிக்குதுங்க. சொசைட்டிய உட்டுப்போட்டு, பதினோரு வருசமா உங்க ஒருத்தருக்குத்தானுங்க ஊத்தறேன்.”

“அப்ப பாமாயில் மாட்டு மடியிலிருந்தா வந்தது?”

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சிவந்தது. “உங்க சரக்கோட லட்சணத்த இங்க நிக்கற உங்க வேலக்காரப் பையன்கிட்டயே கேளுங்க! சுத்தியும் இத்தன ஐஸ்கிரீம வெச்சுக்கிட்டு, போன மாசம் கடைவீதியில பெரிய கம்பெனி டப்பா ரெண்டு வாங்கிட்டுப் போறானுங்க. கட்டெறும்பு மாதிரி என்னா வேகம்கிறீங்க!”

“அவன் நாக்கு ருசியை விடுங்க. நான் உங்க பாலைத்தான் கேக்கறேன்.”

பாண்டித்துரைக்குக் காது கொதித்தது. “அண்ணே, ஒரு நிமிசம்...”

“நீ மிண்டாம நில்லுடா!”

அவன் வாயை மூடிக்கொண்டான். சிஜு ஆபீசரிடம் கை கூப்பாத குறையாகக் கேட்டார். “அப்பீல் போறேன் மேடம். மேல் லேபுக்கு அனுப்புங்க.”

“தாராளமாப் போங்க. ஆனா அன்னைக்கு எடுத்ததுதான் அங்கயும் போகும். உங்க கண்ணு முன்னாடிதானே இந்தத் தம்பி டப்பாவை எடுத்துட்டு வந்து வெச்சாரு? அதைத்தானே நாலு பாகமாப் பிரிச்சு, சீல் வெச்சு, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க? மேல பாக்குறதும் அதுல ஒரு பாகம்தான்.”

சிஜு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் சொன்னார். “இனிமே பாலு வேண்டாம்.”

“இது காலையில கறந்ததுங்க. இத எங்கீங்க கொண்டு போய் ஊத்தறது?”

ஈஸ்வரமூர்த்தி குனிந்து கேன்களைத் தூக்கினார். பாண்டித்துரை ஒன்றைப் பிடிக்கப் போனான்.

“இருக்கட்டும் தம்பி. உன்னையும் இழுத்து உட்டுட்டேன். கோவத்துல வந்துருச்சு, மனசுல வெச்சுக்காத.”

டி.வி.எஸ். வண்டியின் இரண்டு பக்கமும் கேன்கள் ஆட, அவர் தெருமுனை திரும்பும்வரை பாண்டித்துரை பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மறுபடி கோல்ட் ரூமுக்குப் பின்னால் போனான். பாதி மெசேஜ் திரையில் அப்படியே இருந்தது.

“அம்மா, போன மாசம் நான் பாலு காய்ச்சுறப்ப கரண்டு போயிருச்சு. சூடு சரியா ஏறல. அண்ணன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு அப்படியே உறைய வச்சுட்டேன். பக்கத்துக் கம்பெனிக்கு ஆபீசர் வந்துட்டாங்க, நாளைக்கு நமக்குத்தான்னாங்க. கிருமி இருந்துச்சுன்னா கம்பெனியே போயிருமேன்னு எனக்குச் சோறு இறங்கல...”

உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில் தன் குரலே பெரிதாகக் கேட்க, அவன் போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

“வாசிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, கீழ ஒரு நம்பர் போடுறேன். அது சிஜு அண்ணன் நம்பரு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க ஒரு போன் போட்டு, சாம்பிள் டப்பாவுல நான் மாத்தி வச்சது கடையில வாங்குன பெரிய கம்பெனிச் சரக்குன்னு சொல்லிருங்க.”