மூன்று வயதுத் தாடை

நாலு பேர் மதிக்கும் குடும்பம் எங்களுடையது. அருங்காட்சியகத்தில் தம்பி மண்டை ஓடுகளுக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுப்பான், நான் மேலதிகாரி. மூன்று வயதில் செத்த சிம்பன்ஸிக் குட்டியின் தாடைக்குள் இரண்டாவது கடைவாய்ப் பல் உருவாகிறது என்று எழுதினான். மறு ஆண்டு, வேர் விட்டிருக்கிறது என்றான்.

"செத்தது வளருமாடா? மானத்தை வாங்காத."

"நான் என்ன தண்ணி ஊத்தியா வளர்க்கிறேன் அண்ணா? உள்ள இருக்கு, எழுதுறேன்."

பொய்யன் என்று எழுதி வேலையைவிட்டு அனுப்பினேன். வீட்டுப் படியும் ஏறவிடவில்லை. அந்தப் பெட்டியைப் பூட்டிவைத்தேன். பிறகு அவன் இறந்த செய்திதான் வந்தது.

குட்டி செத்து எட்டாம் ஆண்டு, நான் ஓய்வுபெறும் வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் பெட்டியைத் திறந்து எக்ஸ்ரே எடுத்தாள்.

"சார், மூணு வயசுன்னு போட்டிருக்கு. கடைசிக் கடைவாய்ப் பல்லே முளைச்சிருச்சே! பதினொரு வயசாவது இருக்கும். யார் பண்ணின கூத்து இது?"

தம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"என் கைப்பிழைதான்மா."

பெட்டிச் சீட்டில் வயது மூன்று என்றிருந்ததை அடித்துப் பதினொன்று என்று எழுதினேன். அவன் சொன்னது மெய் என்பதற்கு இருந்த கடைசிச் சாட்சியும் அதோடு போயிற்று.

அவள் போனபின் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். வளர்ந்து முடிந்த பல்லில் வேர் நுனி மூடியிருக்கும். இதில் திறந்தே இருந்தது.