கிராம்பு வாசம்

"வாயை ஊதுங்க வாப்பா."

வாவு முகம்மது வாசற்படியில் ஒரு காலும் வீட்டுக்குள் ஒரு காலுமாக நின்றார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பெற்ற மகளிடமே வாயை ஊதிக் காட்டுவது எந்த வாப்பாவுக்கும் வரக் கூடாத நிலைமைதான். ஆனால் சாலிஹா விடுகிற ஆளில்லை.

ஊதினார். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. கூடவே கிராம்பு வாசம்.

"எப்பப் பாத்தாலும் என்ன கிராம்பு?"

"தொண்டைக்கு இதமா இருக்கும்மா."

தொண்டைக்கு இதமா, சிகரெட் நாற்றத்துக்கு மறைப்பா? கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா பார்த்துவிடலாம் என்று சாலிஹா மனசுக்குள் கறுவினாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கப்பல் வேலையில் இருந்த காலமெல்லாம் ஊதித் தள்ளிய மனுஷர். போன நோன்பில் மூச்சு முட்டி, ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நுரையீரல்ல கெட்டது கெட்டதுதான். இருக்குறதைக் காப்பாத்தணும்னா சிகரெட்டைத் தொடக் கூடாது. மறுபடி தொட்டா, அடுத்த தடவை பிழைக்க வைக்க என்னால ஆகாது" என்றார் டாக்டர். ஆசை வரும்போது மெல்லுவதற்கு, பட்டை பட்டையாக மிட்டாய் போல ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் சந்தேகம். மாதம் முழுக்க வர வேண்டிய மருந்து பாதி மாதத்திலேயே காலியாகிறது. ஆனால் அவர் அதை மென்று சாலிஹா ஒரு நாளும் பார்த்ததில்லை.

துபாயிலிருந்து போனில் பேசிய கணவன் சலாஹுதீனிடம் சொல்லி அழுதாள்.

"கடைக்காரன்கிட்ட மருந்தைக் குடுத்துட்டு சிகரெட் வாங்குறாரோ என்னமோ. மனுஷன்னா ஒரு வைராக்கியம் வேண்டாமா? கல்யாணத்தோட நான் விடலையா? மாமாவை நல்லாக் கவனி" என்றான் அவன்.

அவுக சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கீழக்கரையில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த மாப்பிள்ளையை மாமனார் தலையில் வைத்துத் தாங்குவார். மறந்தும் ஒரு சொல் சொல்லிவிட மாட்டார். மாப்பிள்ளை மட்டும் எதையும் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமை அசர் தொழுகை முடிந்து வந்த வாப்பா, சட்டையில் அத்தர் பூசிக்கொண்டார். மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

"எங்கன போறீக?"

"மாப்பிள்ளை ரூம்ல இருக்குற ஜெய்னுலாபுதீன், லீவு முடிஞ்சு நாளைக்குத் துபாய் போறான்ல. பாத்துட்டு வாரேன்."

பயணம் போகிறவன்தான் வீடு வீடாக வந்து பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு போவான். இவர் எதற்குத் தேடிக்கொண்டு போகிறார்? அந்த வீட்டில் வெளிநாட்டு சிகரெட் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

கணவனுக்கென்று கிண்டி வைத்திருந்த தொதல் அல்வா டப்பாவைச் சாக்காக எடுத்துக்கொண்டு, பின்சந்து வழியாக விரைந்தாள்.

ஜெய்னுலாபுதீனின் மனைவி காலிதா, அவளை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். முன்கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு திரைதான். சாலிஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

"மறைக்காமச் சொல்லு. மாப்பிள்ளை இன்னும் சிகரெட்டை விடலைதான?" வாப்பாவின் குரல்.

ஜெய்னுலாபுதீன் இழுத்தான். "எங்க விட்டாரு மாமா... ரூம்ல அடுக்குக் கட்டில்ல மச்சான் கீழ, நான் மேல. விடியக்காலம் அவரு இருமுறதைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு."

"எனக்குப் போன்லயே கேட்டுச்சு. எனக்கும் இப்படித்தான்ப்பா ஆரம்பிச்சுச்சு. இந்தா, பெருநாள்லேருந்து கொஞ்சங்கொஞ்சமாச் சேத்த மருந்து. அவுக சிகரெட்டை எடுக்கையில இதை நீட்டு."

சாலிஹாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"துபாய்ல கிடைக்காத மருந்தா மாமா?"

"கிடைக்கும். ஆனா கடையில போய்க் கேட்டா, புகைக்கிறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல. அவுக வாங்க மாட்டாக. நீ வாங்கி வச்சிருந்ததுன்னு சொல்லிக் குடு. என் பேரை எடுத்துராத. மாமனார் புத்தி சொன்னாருன்னா மாப்பிள்ளைக்குக் கௌரவக் குறைச்சல்."

"எல்லாத்தையும் குடுத்துட்டா உங்களுக்கு?"

"ரொம்ப முடியாட்டி ஒண்ணு மெல்லுவேன். மத்த நேரத்துக்குக் கிராம்பைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவேன். போன நோன்புலேருந்து ஒரு சிகரெட் தொடலை. அல்லா காவல்."

சாலிஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க மககிட்டயாவது சொல்லிரலாம்ல மாமா? உங்களை வாயை ஊதச் சொல்லுதாம்ல. தெருவே பேசுது."

வாப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு நிதானப்படக் கொஞ்ச நேரம் ஆனது.

"வேண்டாம்ப்பா. என்னையத்தான் அவளால நம்ப முடியலை. மாப்பிள்ளையையாவது நம்பிட்டு இருக்கட்டும்."