ஒன்பதாவது படி

உலகத்தில் பயம் என்கிற ஒன்றை ஒழிப்பதற்காகவே தான் பிறந்திருப்பதாக ரெஜினா எட்டாம் வகுப்பின் கடைசி நாளில் அறிவித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் கீழ்த்தளம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு மாடி ஏற வேண்டும். ஏறுகிறவர்கள் எல்லாரும், டீச்சர்கள் உட்பட, ஒன்பதாவது படியை மிதிக்காமல் தாண்டித்தான் போவார்கள். மற்ற கற்படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருக்க, அது மட்டும் நேற்றுக் கொத்தியதுபோல இருந்தது.

“மிதிச்சா என்னக்கா ஆவும்?” என்று மாடியில் படிக்கும் மும்தாஜிடம் கேட்டாள்.

“மிதிச்சவளத்தான் கேக்கணும். அவ எங்க இருக்கான்னுதான் தெரியலட்டி.”

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். “பள்ளிக்கூடம் தொறக்கட்டும். அதுல உக்காந்துதான் டிபன் பாக்ஸத் தொறப்பேன்.”

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. வகுப்பு மொத்தமும் பின்னால் வரிசையாக வர, அவள் எட்டுப் படிகளையும் விறுவிறுவென்று ஏறினாள். ஒன்பதாவதில் தூசி கனமாகப் படிந்திருந்தது. அதில் ஒரே ஒரு வெறுங்கால் தடம், விரல்கள் மேலே பார்த்தபடி. அவள் கால் அளவுதான் இருக்கும்.

“ஏட்டி, ஏன் நின்னுட்ட?” என்றாள் பின்னால் நின்ற செல்வராணி.

ரெஜினா பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்து, பத்தாவது படியில் கால் வைத்தாள்.

“பாத்து வாட்டி” என்றாள், திரும்பாமல்.