ஒரு நாள் நடை

"பாதியில திரும்புறவன் தலைவனே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் இவங்க மண்டையில ஏத்திட்டுப் போங்க மேடம், போதும்" என்றார் முதலாளி.

மேலாளர்கள் ஒப்புக்குச் சிரித்தார்கள். புது யூனிட்டைச் சொன்ன தேதியில் திறந்தாக வேண்டும் என்று வாரக்கணக்கில் ஓய்வில்லாத வேலை. ஆட்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்துகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் தள்ளிப் போடலாமே" என்று வாய் திறந்த புரொடக்‌ஷன் மேனேஜர், குட்டு வாங்கிய பிள்ளைபோல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாடம் நடத்த வந்திருந்தவள், வட துருவம் போய் வந்தவள். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படத்தைப் போட்டாள். திரை முழுக்க வெள்ளை. வானம் எங்கே முடிகிறது, கீழே எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. அதைப் பார்த்தாலே அவளுக்குக் கால் தரையில் பாவாது.

"அங்க சூரியன் அடையாதுங்க. மூட்டம் போட்டுட்டா நிழலும் கிடையாது. நடக்கிறோமா, நின்ன இடத்துலயே காலை ஆட்டுறோமான்னே புரியாது. முன்னால போற என் தம்பியோட சிவப்புக் குல்லா மட்டும் தனியா மிதந்துட்டுப் போகும். அதைப் பார்த்துக்கிட்டே நான் போவேன்."

அவள் திரையருகே போய் அந்த வெள்ளையின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

"துருவத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள் நடைதான். அப்பப் பார்த்துப் புயல் பிடிச்சுக்கிச்சு. கூடாரத்துக்குள்ள தம்பி காலுறையைக் கழட்டினான். விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துக் கிடக்கு. 'நான் இங்கேயே படுத்திருக்கேன்க்கா, நீ மட்டும் போய்த் தொட்டுட்டு ஓடி வந்துடு'ன்னான்."

"போனீங்கதானே?" முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"இல்லைங்க. 'போடா லூசு, உன்னை விட்டுட்டு நான் எங்கடா போறது'ன்னேன். புயல் நின்னதும் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுத் திரும்பிடலாம்னு முடிவு பண்ணினோம். அவன் காலை என் வயித்தோட அணைச்சு வச்சுக்கிட்டு, அப்படியே தூங்கிட்டேன்."

"தம்பி கால் என்னாச்சு மேடம்?" கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பிழைச்சிடுச்சு சார். இப்ப ரெண்டு வாலுங்க பின்னால ஓடிட்டிருக்கான்."

முதலாளியின் முகம் கடுகடுத்தது. "அதிருக்கட்டும். துருவத்தைத் தொட்ட பெண்மணின்னு வாசல்ல பேனர் கட்டியிருக்கோமே, அது பொய்யா?"

"பொய் இல்லைங்க." அவள் இன்னும் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க நிலம்னு ஒண்ணு கிடையாது. எல்லாமே கடல் மேல மிதக்கிற பனிதான். நாங்க தூங்கின நேரத்துல, புயல் அந்தப் பனியை எங்க கூடாரத்தோட சேர்த்துத் தள்ளிக்கிட்டே போயிருக்கு. கண் முழிச்சு ஜிபிஎஸ் கருவியைப் பார்க்கிறேன், துருவம் எங்க படுக்கைக்குக் கீழ இருக்கு! தம்பியை உலுக்கி, 'எந்திரிடா, வந்துட்டோம்'னேன். அவன் கண்ணைக்கூடத் திறக்காம, 'வீட்டுக்கா, அக்கா?'ன்னான்."