இரண்டரை மில்லிமீட்டர்

குளியலறைக் கதவைத் திறந்த லோரெய்ன், கையிலிருந்த, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தைக் கீழே போடாததற்கு ஒரே காரணம், அது மாமியார் வீட்டுப் பாத்திரம். வெள்ளைத் தொட்டி முழுக்க ரத்தப் பொட்டுகள். கண்ணாடிமுன் நின்ற காரின், விர்ரென்று முனகும் ஊசிப் பேனாவை இடது கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தட்ட மாட்டியா?"

"மூணு தடவை தட்டினேன்டி. உன் மிஷின் கத்துறதுல எங்க கேக்கும்?"

பக்கத்து வீட்டில் ஏழு வருஷம் இருந்தும், அந்தக் கன்னத்தைப் பூச்சில்லாமல் லோரெய்ன் பார்ப்பது இன்றுதான். முகத்தில் ஒரு விரல் தடிமனுக்கு மேக்கப் இல்லாமல் காரின் குப்பை போடக்கூட வெளியே வரமாட்டாள். பதினாறு வயதில் வந்த பரு, கன்னத்தில் பள்ளம் தோண்டிவிட்டுப் போயிருந்தது.

செப்டம்பரில், பருத்தழும்பைக் குத்திச் சமமாக்கும் இந்த ஊசிப் பேனா யோசனையைச் சொன்னவள் லோரெய்ன்தான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். தோல் டாக்டர் கேட்டதில் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வலிக்கும், சிவக்கும், உரியும், பிறகு கன்னம் வழவழப்பாகும் என்று இணையத்தில் ஆயிரம் பேர் சத்தியம் செய்திருந்தார்கள்.

லோரெய்னுக்கு ஆகியும்விட்டது. காரினுக்கு ஆகவில்லை.

"அடியே, நாலு மாசம் குத்தி என்ன பிரயோஜனம்? அப்படியே இருக்கே!"

கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த படத்தை லோரெய்ன் காட்டினாள். குத்த ஆரம்பிக்குமுன் வெறும் முகத்தைப் படம் எடுத்து ஒட்டிவைப்பது இந்த ஊசிக் கூட்டத்தின் சட்டம். லோரெய்ன் தன் படத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி, தின்பண்டம் எடுக்கும்போதெல்லாம் அந்த முகத்திடமே திட்டு வாங்குவாள்.

படத்தில் எத்தனை பள்ளமோ, முகத்திலும் அத்தனை.

"ஆர்னே எப்ப வர்றான்?" என்றாள் காரின்.

"கப்பல் பனியை உடைச்சுக்கிட்டு வந்து காலையிலயே கட்டியாச்சாம். எந்த நேரமும் வந்துருவான்."

இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் ஆகஸ்டில் ஏறியவன் காரினின் புருஷன் ஆர்னே. ஏரிக்கு ஏரி கப்பல் கடக்கும் மதகுகளைக் குளிர்காலத்துக்கு மூடிவிட்டார்கள், டுலூத் துறைமுகம் உறைந்துவிட்டது. இனி வசந்தம்வரை அவன் வீட்டில்தான்.

"வந்ததும் கையுறையைக் கழட்டிட்டு முதல்ல கன்னத்தத்தான் தடவுவான்" என்றாள் காரின். "அந்த ஒரு தடவலுக்குத்தான் இவ்வளவும். அதுல தோத்தா எல்லாம் போச்சு."

லோரெய்ன் கையை நீட்டினாள். பேனாவை வாங்கிப் பார்த்தாள். ஊசி ஆழம் இரண்டரை மில்லிமீட்டரில் நின்றது.

"பாவி! ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகினப்ப அரைதானே வச்சோம்?"

"பழம் வேற, முகம் வேற."

"மரத்துப்போக வைக்கிற கிரீம் சீல்கூட உடைக்கல. வலிக்கலையா?"

"வலிக்கட்டும்."

பேசிக்கொண்டே காரின் நகத்தால் ஒரு பழைய பொருக்கை நெம்பி எடுத்தாள். அந்த இடத்தில் குழி விழுந்தது.

"நோண்டாதடி! நோண்டினா குழிதான் விழும்னு அந்த வீடியோக்காரி தலைபாடா அடிச்சுக்கறா!"

"நானும்தான் பார்த்தேன் அந்த வீடியோவ."

நிதானமாகப் பஞ்சால் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்ததைவிட அவள் படத்தைத்தான் அதிகம் பார்த்தாள், பள்ளத்துக்குப் பள்ளம் சரிபார்ப்பதுபோல.

பேச்சை மாற்ற லோரெய்ன் வேறு வழி தேடினாள். "மாரிட் போன் பண்ணினாளா?"

மாரிட், காரினின் இரட்டைப் பிறவி. அரிசோனாவிலிருந்து அக்டோபரில் வந்து இரண்டு வாரம் இருந்தாள். இருவருக்கும் ஒரே குரல், ஒரே நடை. மாரிட்டுக்கு மட்டும் ஒரு பருகூட வந்ததில்லை, கன்னம் வெண்ணெய். ஆர்னேயை முதலில் பார்த்தவள் தான்தான் என்று அக்காவின் கல்யாண விருந்திலேயே எல்லோர் முன்னும் சிரித்துக்கொண்டே சொன்னவள்.

"இல்ல. பண்ண மாட்டா."

"சொல்லிக்காமக்கூடப் போயிட்டாளே. கடைசியா உங்க ரெண்டு பேரையும் படகுலதான் பார்த்தேன். அப்புறம் நீ மட்டும்தான் கண்ணுல பட்ட."

"அவளுக்கு இந்தக் குளிர் ஆகல." காரின் ஜன்னல் வழியே வெள்ளையாக இறுகிக் கிடந்த ஏரியைப் பார்த்தாள். "ஏரி உறைஞ்சா நல்லது. எல்லாம் அமைதியாயிடும்."

வாசலில் பூட்ஸ் பனியை உதறும் சத்தம் கேட்டது. காரின் முகத்தில் மேக்கப் பூசவில்லை, துண்டைக்கூட எடுக்கவில்லை. நேராக நடந்தாள். லோரெய்ன் பாத்திரத்தோடு பின்னால் ஓடினாள்.

"ஆர்னே, அவளை ஒண்ணும் சொல்லாத. எல்லாம் என் தப்பு" என்றாள், அவன் பையை இறக்குமுன்பே.

ஆர்னே அவளைக் கவனிக்கவில்லை. கதவருகிலேயே நின்றுவிட்டான். மனைவியை மேலும் கீழும் பார்த்தான், புருவம் சுருங்கியது.

"வா" என்றாள் அவள், அசையாமல்.

அவன் மெதுவாகக் கையுறையைக் கழற்றினான். கட்டைவிரலை அவள் இடது கன்னத்தில் வைத்து, குருடன் எழுத்துப் படிப்பதுபோல, பள்ளம் பள்ளமாகத் தடவிக்கொண்டே போனான். லோரெய்ன் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆர்னே பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா, நீதான்! ஒரு நொடி மாரிட்டோன்னு பயந்துட்டேன்."